பெஞ்சமின் பிராங்கிளின் தாமே தேடிக்கொண்ட கல்வி

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர், பிரான்சில் தம் நாட்டின் தூதராக விளங்கியவர், மின்னலை ஆராய்ந்த அறிஞர் என்றெல்லாம் பெஞ்சமின் பிராங்கிளினை நாம் அறிவோம். அவர் பள்ளியில் பயின்றது ஏறத்தாழ 2 ஆண்டுகளே என்பதைப் பலர் அறியார்.

அவர் 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோசையா மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்கு மக்கள் 17 பேர். கடைசி ஆண்மகனை மதகுருவாக்க விரும்பிப் பள்ளியில் சேர்த்த அவர், செலவுக்கு அஞ்சி ஓராண்டுக்குள் நிறுத்திவிட்டார். அடுத்த பள்ளியில் கையெழுத்து நன்கு வந்தது, கணக்கு வரவில்லை. பத்து வயதில் திரி வெட்டக் கடைக்கு வந்த சிறுவர், 12ஆம் வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சகத்தில் சேர்க்கப்பட்டார். 21 வயது வரை அங்கேயே தொழில் பயில வேண்டுமென்பது ஒப்பந்தம்.

அச்சுத் தொழிலால் புத்தகக் கடைப் பையன்களின் நட்புக் கிடைத்தது. மாலையில் இரவல் வாங்கிய நூலை மறுநாள் காலையிலேயே திருப்பித் தர வேண்டியிருந்ததால், இரவின் பெரும்பகுதி படிப்பிலேயே கழிந்தது.

ஒரு நண்பருடன் அவர் கடிதங்களில் விவாதித்து வந்தார். அவற்றைப் பார்த்த தந்தையார், எழுத்துப்பிழை இல்லை, ஆனால் நடையழகும் ஒழுங்கும் போதா என்று இடங்காட்டிச் சொன்னார். அத்தந்தை மகனுக்குச் செய்த உதவிகளுள் இதனையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

அக்குறையை நீக்க மகன் கண்ட வழி வியப்புக்குரியது. லண்டனில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதன் கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்து வைப்பார். சில நாள் கழித்து, நூலைப் பாராமல் தம் சொற்களில் கட்டுரையை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை எனக் கண்டதும் கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பின் மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டுச் சில வாரங்கள் சென்றபின் வரிசைப்படுத்தியும் பழகினார். எல்லாம் வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில்தான்!

16ஆம் வயதில் புலால் உணவைக் கைவிட்டு, தம் உணவுச் செலவில் பாதியைக் கையில் தருமாறு தமையனாரிடம் கேட்டுப் பெற்றார். அதிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் உண்ணச் செல்லும் வேளையில் ரொட்டித் துண்டும் உலர்திராட்சையும் தண்ணீருமாக முடித்துக்கொண்டு படித்தார். பள்ளியில் வாராத கணக்கும் அப்போது எளிதாக வந்தது.

1722இல் ஒரு கைம்பெண்ணின் பெயரில் கடிதம் எழுதி, இரவில் அச்சகக் கதவின் கீழே செருகி வைத்தார். தம்பி எழுதியதென்று அறியாமலே தமையனார் தம் செய்தித்தாளில் அதனை வெளியிட்டார். இவ்வாறு 14 கடிதங்கள் அச்சேறின. எனினும் அண்ணனின் அடி நிற்கவில்லை. 1723இல் ஒப்பந்தத்தை மீறி வெளியேறிய பிராங்கிளின் பிலடெல்பியா சேர்ந்தார்.

அங்கே 1731இல் நண்பர்களோடு அவர் நிறுவிய சந்தா நூலகம் இன்றும் உள்ளது. ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் செலுத்தி, ஆண்டுதோறும் 10 ஷில்லிங் தர 50 பேர் முன்வந்தனர். தந்தையார் தர எண்ணி இயலாமற்போன கல்வியை ஈடுசெய்ய, நாள்தோறும் ஓரிரு மணிநேரம் அந்நூல்களோடு கழித்ததாகப் பிராங்கிளின் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.