ஆற்றிடைக்குறையில் ஒரு மனை: திருவரங்கத்து அடிமனையின் கதை

'அரங்கம்' என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்றொரு பொருளுண்டு. 'துருத்தி' என்பதும் அதுவே. சிலப்பதிகாரம் காவிரி நடுவே திருமால் பள்ளிகொண்ட இடத்தைத் துருத்தி என்றே குறிக்கிறது. மேற்கே முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணையருகே மீண்டும் நெருங்கிவருமுன் தமக்கிடையே விட்டுவைத்த நிலமே இன்றைய ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். கடல்சூழ் தீவொன்றில் வீடு வாங்கச் செல்பவர் அலையையும் புயலையும் பற்றிக் கேட்பார். இந்த ஆற்றுத்தீவில் வீடு வாங்க வருபவர் முதலில் கேட்பது வேறொன்று: அடிமனை யாருடையது?

அடிமனை என்பது வீடு நிற்கும் நிலம். பிற ஊர்களில் வீட்டை விற்றேன் என்றால் மண்ணும் சுவரும் சேர்ந்தே கைமாறின என்று பொருள். திருவரங்கத்திலோ இரண்டையும் பிரித்துப் பேசும் வழக்கம் ஊறிவிட்டது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் வெள்ளித்திருமுத்தம் என்று வழங்கும் பகுதியில் சுமார் 330 ஏக்கர் நிலம் தன்னுடையது என்பது அரங்கநாதர் கோயிலின் கோரிக்கை. தலைமுறை தலைமுறையாகக் கிரயம் கொடுத்து வாங்கிய மனை எங்களுடையது என்பது குடியிருப்போர் வாதம். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இவ்வழக்கின் விசித்திரம். அது எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அகநானூற்றின் 137ஆம் பாட்டில் ஓர் அரங்கம் வருகிறது. உறையூரை அடுத்த பேராற்றங்கரையில் பங்குனி விழா முடிந்த மறுநாள், கூட்டம் கலைந்துபோக, சமைத்துண்ட அடுப்புகள் தீயவிந்து கிடக்கின்றன. தலைவியின் களையிழந்த நெற்றிக்கு அந்த வெறுமையே உவமை. அங்கே சொல்லப்படுவது இத்தீவே என்று கொள்வோமாயின், அரங்கம் முதலில் நமக்கு அறிமுகமாவது ஒருநாள் தங்கி மறுநாள் நீங்கும் இடமாகத்தான். அங்கே மனையில்லை, அடுப்பு மட்டும் உண்டு.

கோயில் வளர வளர மனைகள் வந்தன. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட, 156 ஏக்கர் பரப்புள்ள இவ்வளாகத்தில் உள் நான்கும் வழிபாட்டுக்குரியவை. வெளி மூன்றும் மக்கள் வாழும் வீதிகள். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் வீதி என்று நாம் சொல்பவை, கோயில் மதில்களுக்குள்ளேயே அமைந்த குடியிருப்புகள். தைத்தேர் உத்திர வீதியிலும் சித்திரைத்தேர் சித்திரை வீதியிலும் ஓடுகின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளும் இவ்வீடுகளுக்குத் தேர் வாசலுக்கே வருகிறது. இங்கே கோயில் எது, ஊர் எது என்று கோடு கிழிப்பது எளிதன்று. இன்னார்தான் இவ்வீதியில் குடியேறலாம் என்ற எழுதாச் சட்டமும் நெடுங்காலம் இருந்தது. உள் வீதிகளில் மனை வாங்கப் பணம் மட்டும் போதவில்லை, பிறப்பும் வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு இவ்வூரின் மனைவரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

நிலவிற்பனையை எழுதிவைப்பதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். சோழர்காலக் கல்வெட்டுகள் நான்கெல்லையும் சொல்லி, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலம் யாவும் உட்பட என்று விற்பனையை முடிக்கும். நம் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அதே பட்டியல் வடமொழி உடுத்தி வரும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சந்திரன் சூரியன் உள்ளவரை ஆண்டனுபவித்துக்கொள்ளலாம் என்று முடியும். மொழி மாறினும் மனம் ஒன்றே: வாங்குபவன் அடிமுதல் நுனிவரை வாங்குகிறான். அப்படி எழுதி, முத்திரைத்தீர்வை செலுத்தி, பதிவும் செய்துகொண்ட ஒருவரிடம் மண் உம்முடையதன்று என்றால் அவர் திகைப்பதில் வியப்பென்ன?

ஆனால் மண்ணுக்கு ஒரே ஓர் உடைமையாளர் என்ற எண்ணமே நம் நாட்டில் பிற்காலத்தது. பழைய முறையில் ஒரே நிலத்தின்மீது இரண்டு உரிமைகள் அடுக்கடுக்காக நின்றன. விளைவில் அரசுக்குரிய பங்கு மேல்வாரம். உழுது காப்பவனுக்குரியது குடிவாரம். அரசன் கோயிலுக்கு ஊரைக் கொடுத்தான் என்று கல்வெட்டுச் சொன்னால், பல வேளைகளில் அவன் கொடுத்தது தனக்குரிய மேல்வாரத்தையே. குடி அங்கேயே இருந்தான். பங்கைச் செலுத்துமிடம் மட்டும் மாறியது. கொடுத்தது மேல்வாரம் மட்டுமா, இரு வாரமுமா என்ற கேள்விதான் பின்னாளில் நீதிமன்றங்களில் எண்ணற்ற வழக்குகளாக வெடித்தது.

இடையில் இந்த ஊர் வெறுமையானதும் உண்டு. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது உற்சவர் தீவை விட்டு நீங்கி, 1371இல்தான் விஜயநகரத் தளபதி கோபண்ணர் துணையோடு திரும்பினார். 1752 ஜூனில் ழாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை சரணடைந்ததும் இத்தீவில்தான். கோயில் மதில்களே அப்படைக்குக் கோட்டையாய் இருந்தன. இத்தகைய ஊரில் ஓலையும் பட்டயமும் தொடர்ந்து கைக்குக் கை வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. பக்கத்து வீட்டுக்காரர் அறிந்ததே பெரும்பாலும் பத்திரம்.

1801இல் கர்நாடகம் கும்பினியார் கைக்கு வந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைந்தது. கோயில், சத்திரம், தனியார் அனுபவித்த இனாம்களை ஆய்ந்து, 1860களில் உரிமைப் பட்டயங்களை வழங்கியது. ஆணையத்தின் கவலை வரி பற்றியது. எந்த வீட்டுக் கொல்லை யாருடையது என்பதன்று. எனினும் பட்டயத்தில் கோயில் பெயர் ஏறியது. ஏறத்தாழ அதே காலத்தில் பத்திரப் பதிவுச் சட்டம் வந்தது. 1882இன் சொத்து மாற்றுச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஒரு பெட்டியில் கோயிலின் பட்டயம். இன்னொரு பெட்டியில் குடிகளின் கிரயப் பத்திரங்கள். இரண்டும் அரசாங்க முத்திரை பெற்றவை. ஒன்றையொன்று பாராமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கின.

சுதந்திரத்துக்குப் பின் சட்டங்கள் இரு திசைகளில் இழுத்தன. 1959இன் அறநிலையச் சட்டம் ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பதும் அடகு வைப்பதும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது என்றது. 1963இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமோ, இனாம் நிலத்திலுள்ள கட்டடம் அன்று அதற்கு உரியவராய் இருந்தவரையே சேரும் என்றது. முதலாவது கோயிலுக்கு அரண், இரண்டாவது குடிக்கு. பிறர் மண்ணில் வீடு கட்டியவருக்குக் காப்பளித்த, 1922இல் நடைமுறைக்கு வந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து 1996இல் சமய நிறுவன நிலங்கள் விலக்கப்பட்டன. 2009இல் இயற்றப்பட்டு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, கோயில் நிலங்களை அனுமதியின்றிப் பதிவதையே தடுத்தது. உறங்கிய இரு பெட்டிகளும் சார்பதிவாளர் மேசையில் மோதிக்கொண்டன.

விளைவை வீதியில் நடந்தாலே காணலாம். பதிவு தடைப்பட்டால் விற்க முடியாது, வங்கிக் கடன் கிடையாது, பாகப்பிரிவினை முடங்கும். கூரை ஒழுகினாலும் ஒட்டுப்போட்டுக் காலம் கடத்துவார்கள். மகளுக்குப் பங்கு கொடுக்க நினைக்கும் தாய்க்கும் பத்திரம் கைகொடுக்காது. வாடகை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று வெளியூரார் சொல்வர். விலை கொடுத்து வாங்கியதற்கு வாடகைச் சீட்டு எழுதுவதென்றால் தன் பாட்டனின் கையெழுத்தைத் தானே அழிப்பது போலன்றோ இவர்களுக்குப் படும்!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் கோயில் நிலங்கள் பறிபோன கதை சிறியதன்று. சொற்பக் குத்தகையும், அதுவும் செலுத்தாத பாக்கியும், போலிப் பத்திரமுமாக விளக்கெரிக்க எண்ணெயற்றுப்போன கோயில்கள் எத்தனையோ. கடுமையான சட்டம் காரணமின்றி வரவில்லை. ஆக்கிரமித்தவனையும் தலைமுறைக் குடியையும் ஒரே தராசில் நிறுத்தியதே பிழை.

கடல்கடந்த தீவொன்றின் அனுபவம் இங்கே பயன்படும். ஹவாயில் வீடு ஒருவருடையது, மண் பேரறக்கட்டளையுடையது என்ற நிலை பரவலாக இருந்தது. கமேஹமேஹா பள்ளிகளைத் தாங்கிய பிஷப் அறக்கட்டளை அவற்றுள் பெரியது. 1967இல் இயற்றிய நிலச்சீர்திருத்தச் சட்டம், குத்தகை மண்ணில் வீடு வைத்திருந்தோர் நியாய விலை கொடுத்து மண்ணையும் வாங்க வழி செய்தது. 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. அறக்கட்டளைக்குப் பணம், குடிக்கு மண். அங்குள்ளோர் குத்தகைதாரர் என்பதில் ஐயமில்லை, இங்கோ அதுவே வழக்கு என்பது பெரிய வேறுபாடு. ஆயினும் சட்டமன்றம் துணிந்தால் முடிச்சவிழும் என்பதற்கு அது சான்று.

செய்யக்கூடியது கடினமன்று. 1860களின் இனாம் பதிவேட்டையும் வீட்டுக்கு வீடு இருக்கும் மூலப்பத்திரங்களையும் ஒரே மேசையில் வைத்து, மேல்வாரம் எது, குடிவாரம் எது என்று மனை மனையாகத் தீர்க்கலாம். மேல்வாரத்துக்கு உரிய இழப்பீட்டைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, குடியின் பெயரில் பட்டா வழங்கலாம். வரலாற்று மாணவருக்கும் வருவாய்த்துறைக்கும் சேர்ந்தே உழைக்க வாய்ப்பளிக்கும் வேலை அது. அதுவரை தீவில் மனை தேடி வருவோர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், அந்த மனையின் கதையையும் கேட்டுவிட்டே முன்பணம் கொடுப்பது நலம்.