மியூனிக் நகராட்சியின் பென்குயின்

2003 மார்ச் மாதம். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்த ஸ்டீவ் பால்மர், அதைப் பாதியில் விட்டுவிட்டு மியூனிக்குக் கிளம்பிப் போனார். அப்போது அவர் மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி. பார்க்கப் போனது ஜெர்மனியின் பிரதமரை அல்ல, நகர மேயர் கிறிஸ்டியான் ஊடேயை. விஷயம், நகராட்சி அலுவலகங்களில் இருந்த சுமார் 14,000 கணினிகள். மைக்ரோசாஃப்டின் வரவு செலவில் அது தூசு. தூசுக்காக யாரும் மலையிலிருந்து இறங்கி வரமாட்டார்கள் அல்லவா? லிமக்ஸ் கதையை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்த ஒரு பயணத்தால்தான்.

மியூனிக்கின் கணினிகளில் அப்போது இருந்தது விண்டோஸ் என்.டி 4.0. 1996இல் வந்தது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குமாஸ்தா காலையில் வந்து பொத்தானை அமுக்கினால் கணினி எழுந்திருக்கும், கடிதம் அடிக்கலாம், வரிக் கணக்குப் பார்க்கலாம். ஆனால், அதற்கான ஆதரவை நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும். திருத்தம் இல்லாத கணினியில் குடிமக்களின் விவரங்களை வைத்திருக்க முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லும் வரைக்கும் சொந்த வீடு கட்டலாமா என்ற பேச்சே வீட்டில் எழாது. ஓடுகிற கணினியை மாற்றலாமா என்று எந்த அலுவலகமும் தானாக யோசிப்பதில்லை. தேதியை வேறொருவர் குறித்துக் கொடுக்கிறார், அதற்குப் பிறகுதான் நாம் ‘முடிவெடுக்க’ உட்காருகிறோம். மியூனிக்கும் அப்படித்தான் உட்கார்ந்தது. வித்தியாசம் என்னவென்றால், எக்ஸ்.பிக்குப் போவதா என்பதோடு நிற்காமல், தேதி குறிக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் பேசினார்கள்.

ஆலோசனை நிறுவனம் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார்கள். வெறும் செலவை மட்டும் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் முந்தியது. ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது, நீண்ட காலச் சுதந்திரம் போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால் லினக்ஸ் முந்தியது. பால்மர் வந்து போன பிறகு மைக்ரோசாஃப்ட் விலையை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தது. அப்படியும் 2003 மே 28 அன்று நகர மன்றம் லினக்ஸ் பக்கம் வாக்களித்தது. அந்தத் தேதியில் மலிவான வழியைத் தள்ளிவிட்டு, விலை கூடிய வழியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ‘லினக்ஸ் இலவசம், அதனால் போனார்கள்’ என்று நம்மூரில் சொல்லப்படும் கதைக்கு இது நேர் எதிர்.

பிறகுதான் இழுபறி. 2004இல் மென்பொருள் காப்புரிமை பற்றி ஐரோப்பாவில் நடந்த சர்ச்சையால், ‘வழக்கு வந்தால் என்ன செய்வது?’ என்ற பயத்தில் ஒப்பந்தப்புள்ளியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். 2006இல்தான் முதல் கணினிகள் மாறின. முதலில் டெபியன், பிறகு உபுண்டு அடிப்படை. சில ஆண்டுகளில் முடியும் என்று நினைத்த வேலை 2013 வரைக்கும் நீண்டது.

ஏன் இத்தனை வருடம்? இயங்குதளத்தை நிறுவ ஒரு கணினிக்கு அரை மணி நேரம் போதும். நேரத்தைத் தின்றது ஆவணங்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கணினிப் பிரிவு வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு ஊழியர் என்றோ எழுதிவைத்த வேர்ட் வார்ப்புருக்கள், மேக்ரோக்கள், எக்செல் சூத்திரங்கள். அனுமதிக் கடிதம், அபராத நோட்டீஸ், சான்றிதழ் என்று ஆயிரக்கணக்கில். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவர் எழுதிய மேக்ரோ மட்டும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருக்கும். இவற்றை எல்லாம் கண்டெடுத்து, தேவையற்றதைக் கழித்து, மீதியை ஓப்பன் ஆஃபீஸுக்கு மாற்ற வோல்மக்ஸ் என்று ஒரு கருவியை நகராட்சியே எழுதியது. 2008இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். ஒரு நகராட்சி மென்பொருள் எழுதி உலகத்துக்குக் கொடுத்தது என்பதை நம் ஊர் மாநகராட்சியை நினைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இந்த ஆவணச் சிக்கல் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குப் புதிதல்ல. 2010இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியீட்டு முறையையும் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முன் வானவில், பாமினி, டாப், டாம் என்று ஆளுக்கொரு முறை. நான் வேலை பார்த்த ஒரு சின்ன அலுவலகத்தில் புதுக் கணினி வாங்கியபோது பழைய கோப்புகளைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. “சார், பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல மட்டும்தான் அந்த ஃபான்ட் இருக்கு” என்றார் தட்டச்சு செய்யும் அக்கா. அந்தக் கணினி இன்னும் மூன்று வருடம் மூலையில் கிடந்தது, ஒரு எழுத்துருவுக்காக. கணினி மாற்றம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதுதான். கணினியை எளிதாக மாற்றிவிடலாம். பழைய கணினிக்கு மட்டுமே புரிகிற மொழியில் எழுதிக் குவித்ததை என்ன செய்வது?

மியூனிக் கதைக்கு வருவோம். 2012இல் நகராட்சி ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று கணக்குக் காட்டியது. சில வாரங்களில், மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் எச்.பி தயாரித்த ஆய்வு ஒன்று, மிச்சம் இல்லை, பெரும் நஷ்டம் என்றது. கணக்கே தப்பு என்று நகராட்சி மறுத்தது. இந்த யூரோச் சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. எதைச் செலவில் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் தனக்கு வேண்டிய எண்ணைத் தயாரித்துக்கொள்ளலாம். 2013இல் சுமார் 15,000 கணினிகள் லினக்ஸில் ஓடின என்பதுதான் உறுதியான எண்.

2014இல் மேயர் மாறினார். ஊடே ஓய்வு பெற, அதே சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டீட்டர் ரைட்டர் வந்தார். லிமக்ஸ் பற்றிய அதிருப்தியை வெளிப்படையாகப் பேசினார். 2016இல் மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தைப் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் மாற்றியது. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு எழுதியவர்கள் நிறைய. நான் போடவில்லை, ஏனென்றால் அலுவலகத்துக்கு உள்ளேயே போதுமான காரணம் இருந்தது. அதே ஆண்டு அக்சென்சர் கொடுத்த அறிக்கை நகராட்சியின் கணினி நிர்வாகம் பல துண்டாகச் சிதறிக் கிடப்பதைப் பெரிய பிரச்சினையாகச் சொன்னது. அதிகாரம் சிதறிய இடத்தில் பிரிண்டர் நின்றாலும், மின்னஞ்சல் தாமதமானாலும், வெளியிலிருந்து வந்த வேர்ட் கோப்பு கோணலாகத் திறந்தாலும் திட்டு விழுவது பென்குயினுக்குத்தான். விண்டோஸ் மக்கர் பண்ணினால் ‘கம்ப்யூட்டர்னா அப்படித்தான்’ என்போம். லினக்ஸ் மக்கர் பண்ணினால் ‘யார் இதைக் கொண்டுவந்தது?’ என்று கேட்போம். வழக்கமில்லாத முடிவை எடுத்தவனுக்கு ஆயுள் முழுக்க விசாரணைதான்.

2017 பிப்ரவரியில் விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. நவம்பரில் உறுதி செய்தது. விண்டோஸ் 10 சூழலை உருவாக்க மட்டும் சுமார் 5 கோடி யூரோ. மாறியே ஆகவேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் தெரியவில்லை என்று நகராட்சியின் கணினி நிறுவனத் தலைவரே சொன்னார். 2020 தேர்தலுக்குப் பிறகு பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் போட்ட கூட்டணி ஒப்பந்தத்தில், முடிந்தவரை கட்டற்ற மென்பொருள் என்ற வாசகம் மறுபடி வந்தது. சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் ஜனநாயகத்தில் இப்படித்தான் நடக்கும். 10 ஆண்டு உழைப்பு கேட்கும் வேலையை 6 ஆண்டுக்கு ஒருமுறை வாக்குக்கு விடுகிறோம்.

பிரான்சின் ஜான்தார்மரி என்ற காவல் படையின் அனுபவம் இதற்கு நேர்மாறு. யாரும் அவர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை, அதுவே அவர்களுக்கு உதவியது என்று நினைக்கிறேன். 2005இல் விண்டோஸைத் தொடாமல், அதன் மேலேயே ஓப்பன் ஆஃபீஸைக் கொண்டுவந்தார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். ஊழியர்களின் கை அவற்றுக்குப் பழகிய பிறகு, 2008இல் அடியில் இருந்த விண்டோஸை உருவிவிட்டு உபுண்டுவை வைத்தார்கள். அப்போது எதிரே நின்றது விஸ்டா. எக்ஸ்.பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் பயிற்சி தரத்தான் வேண்டும். உபுண்டுவுக்குப் போனால் ஐகான்களும் விளையாட்டுகளும்தான் மாறும், விளையாட்டு எங்களுக்கு முக்கியமில்லை என்கிற மாதிரி ஓர் அதிகாரி சொன்னார். இன்று ஒரு லட்சத்தை ஒட்டிய கணினிகள் அங்கே அப்படி ஓடுகின்றன. அது கட்டளைக்குக் கீழ்ப்படியும் படை, நகராட்சி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ‘எனக்கு வேர்ட்தான் வேணும்’ என்று கான்ஸ்டபிள் சொல்லிப் பார்க்கட்டும்!

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாததால், நன்றாக ஓடும் கணினிகள் உலகம் முழுக்கக் கழிவுப் பட்டியலுக்கு வந்தன. அலுவலகங்கள் அவகாசம் வாங்கலாம்: கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதிலும் இரட்டிப்பு. வீட்டுக்காரர் இந்த முறை வாடகையை ஏற்றும் அட்டவணையையும் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

அதே அக்டோபரில் ஜெர்மனியின் வடக்கு மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி முடித்ததாக அறிவித்தது. புகார்கள் இல்லாமல் இல்லை. ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், பொறுப்பு அமைச்சர் சிரமங்களை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் வரிசைதான் இங்கும்: முதலில் லிப்ரே ஆஃபீஸ், பிறகு அஞ்சல். லினக்ஸ் இன்னும் வரிசையின் கடைசியில் நிற்கிறது.