அதிர்ச்சியும் அகவணியும்

போர்க்களத்திலே கால் நசுங்கிய வீரன் ஒருவன், காயம் கட்டப்பட்ட பின்னரும் வெளிறி, வியர்த்து, நாடி தளர்ந்து மாண்டுபோவதுண்டு. இதயமும் மூளையும் ஊறுபடாதிருக்க, அவனைக் கொன்றது யாது? மருத்துவர் அந்நிலைக்கு ‘அதிர்ச்சி’ எனப் பெயரிட்டனர். பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

முதலாம் உலகப் போரின்போது, 1917இல் பிரான்சுக்குச் சென்ற அமெரிக்க உடற்றொழிலியலறிஞர் வோல்ற்றர் கனன், நசுங்கிய தசையிலிருந்து எழும் நஞ்சொன்று குருதிக்கலன்களைத் தாக்குகின்றதென எண்ணினார். அதே ஆண்டில் கம்பிறேப் போர்முனையில் ஒசுவால்ட் றொபேட்சன் என்னும் மருத்துவர், போத்தல்களில் முன்னரே சேமித்த குருதியைக் காயமுற்றோர்க்கு ஏற்றிப் பலரைப் பிழைக்கச் செய்தார்.

1930இல் நாஷ்வில் நகரில் அல்பிரட் பிளலொக், நஞ்சைத் தேட வேண்டியதில்லை என நாய்களிற் செய்த சோதனைகளால் காட்டினார். நசுங்கிய உறுப்பினுள்ளே கசிந்து தேங்கும் குருதியும் நீருமே குருதியமுக்கத்தை வீழ்த்தப் போதியவை. அவ்வாய்வுகளைத் தொடர்ந்து நடத்த அவருக்குக் கைகொடுத்தவர் விவியன் தோமஸ் என்னும் கறுப்பின இளைஞர். தச்சுத்தொழில் பழகியவர், பொருளின்மையால் உயர்கல்வியை இழந்தவர். ஆய்வுகூடத்தில் அரும்பணியாற்றிய அவருக்குப் பதிவேடு தந்த பதவியோ துப்புரவாளர் என்பதே.

இழந்த நீரை ஈடுசெய்தால் போதும் என்ற எண்ணம் பின்னர் வலுத்தது. வியட்நாம் போரில் உப்புநீர் பெருமளவில் ஏற்றப்பட்டது. சிறுநீரகங்கள் தப்பின, ஆயின் பலருடைய நுரையீரல்களில் நீர் கோத்தது. குழாயில் ஊற்றியது குழாயில் நிற்கவில்லை.

அதன் காரணம் குழாயின் உட்புறத்திலேயே இருந்தது. அங்கே ஒற்றைப் படையாகப் பரவிய கலங்களுக்கு 1865இல் வில்லெம் ஹிஸ் என்பார் அகவணி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். வெறும் பூச்சு எனக் கருதப்பட்ட இக்கலங்கள், ஒட்சிசனை அதிகம் நாடாது, குளுக்கோசைச் சிதைத்தே பெரும்பாலான சத்தியைப் பெறுவன. கடுங்காயத்தின் அதிர்ச்சியிலோ, அவற்றைப் போர்த்துள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்த மென்படலம் உதிர்கின்றது. கலங்களிடையே இடைவெளி தோன்ற, நீர் கசிகின்றது.

குருதியின் திரவப் பகுதியாகிய பிளாஸ்மா அப்படலம் மீள வளர உதவுவதை விலங்குச் சோதனைகள் காட்டின. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உலங்குவானூர்தியிலேயே பிளாஸ்மா பெற்றோருள் 30 நாளில் இறந்தோர் நூற்றுக்கு 23 பேர். பெறாதோருள் 33 பேர். மருத்துவமனைக்கு விரைந்து சேரக்கூடிய டென்வர் நகரில் நடந்த மற்றோராய்விலோ இவ்வேறுபாடு தோன்றவில்லை.

கனன் கூறிய நஞ்சு பிழைத்தது. குருதிக்கலன்மீது அவர் கொண்ட ஐயம் பிழைக்கவில்லை. பிளலொக் கண்ட கசிவும் உண்மையே. ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்பியதாலேயே, அன்று கைவிடப்பட்ட வீரனுக்கு இன்று உயிர்வாய்ப்பு உண்டாயிற்று.