மலாயா மண்ணில் ஆர்க்கிட் கலப்பினம்

கிள்ளான் பள்ளத்தாக்கில், கம்போங் மேடான் போன்ற குடியிருப்புகளில், இடம் சிறிதாயினும் தொட்டியில் ஆர்க்கிட் வளர்ப்போர் உளர். அத்தொட்டிகளில் மலர்வனவற்றுள் பல காட்டில் தோன்றியவை அல்ல. மனிதர் கலந்து ஆக்கியவை. அக்கலையின் வரலாறு இம்மண்ணுக்கு அயலானதன்று.

பேரா மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் களையெனப் படர்ந்து கிடந்தது வாண்டா ஹூக்கரியானா. இதனையும் பர்மாப் பகுதிக்குரிய வாண்டா தெரெஸ் என்பதனையும் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோகிம் கலந்து புதுச்செடி ஒன்றை ஆக்கினார் என்று, அங்குத் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி 1893ஆம் ஆண்டில் எழுதினார். வண்டு செய்த தற்செயல் கலப்பே அது எனப் பிற்காலத்தார் சிலர் வாதிட்டனர். ஆயினும், அவ்வம்மையாரையும் அச்செடியையும் அறிந்திருந்த ரிட்லியின் கூற்றைத் தள்ளுதற்கு வலுவான காரணம் இல்லை. வாண்டா மிஸ் ஜோகிம் எனப்பெற்ற அம்மலர் 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அது நாடெங்கும் பெருகியது விதையால் அன்று. அவ்வொரு செடியின் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நட்டமையால் ஆகும். பல நாற்றுகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அன்று இல்லை.

காரணம் விதையில் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைக்குரிய உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினாலன்றி அது வளராது. 1922இல் அமெரிக்கரான நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சணமின்றியே அதனை முளைக்கச் செய்தார். அம்முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவிற்குக் கொண்டுவந்தவர் ஹோல்ட்டம். மஞ்சள் நிற ஸ்பதோகுளோட்டிஸ் ஆரியாவையும் ஊதா நிறப் பிளிகாட்டாவையும் கலந்து அவர் எழுப்பிய 'பிரிம்ரோஸ்' 1931இல் பூத்தது.

அதன்பின்னரே உண்மையான சோதனை தொடங்கிற்று. ஒரு காயின் நாற்றுகள் உடன்பிறந்தார் போல. ஒன்று மற்றொன்றை ஒவ்வாது. கலப்பினத்தையே மீண்டும் கலந்தால் வேறுபாடு இன்னும் மிகும். இதழின் அகலம், நிறத்தின் தெளிவு, கொத்திலுள்ள பூக்களின் எண்ணிக்கை, வாடாதிருக்கும் நாள்கள், ஆண்டில் எத்துணை முறை பூக்கும் என்பன யாவும் நோக்கப்படும். முதற்பூவை மட்டும் கண்டு முடிவு கட்டுவது பேதைமை. இளஞ்செடியின் பூ பெரும்பாலும் சிறுத்தே இருக்கும். ஆண்டுகள் சில காத்திருந்து, பின்னர்ப் பெரும்பகுதியைக் கழித்துவிட நெஞ்சுரமும் வேண்டும்.

1960இல் பிரான்சு நாட்டு மோரெல் நுனித்திசுவிலிருந்து ஆர்க்கிட் வளர்க்கும் வழியை வெளியிட்டார். தேர்ந்த ஒரு நாற்று அதன்பின் ஆயிரமாயிரமாகப் பெருகலாயிற்று. கண் பிழைத்துத் தேர்ந்ததும் அவ்வாறே பெருகிற்று.