போனவர் கணக்கும் இருந்தவர் கணக்கும்

எங்கள் குடும்பத்தில் ஒரு வாக்கியம் உண்டு: ‘சின்னத் தாத்தாவுக்கு ஊர்ப் பாசம் ஜாஸ்தி, நாகப்பட்டினத்தை விட்டு வரமாட்டேன்னுட்டார்.’ பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த நான் இதை நாற்பது வருஷம் சந்தேகமில்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன். சொன்னவர் தாத்தா. நாகப்பட்டினத்தை விட்டு வந்தவர் அவர்தான். அவரிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் வந்தது. சின்னத் தாத்தா தன் வாயால் இதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பட்டறை 1897லிருந்து நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928ல் அது பொன்மலைக்கு மாறியது. பட்டறையில் ஃபிட்டராக இருந்த தாத்தா பெண்டாட்டி பிள்ளைகளோடு அதன் பின்னாலேயே வந்துவிட்டார். அதே பட்டறையில் கலாசியாக இருந்த அவர் தம்பி வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டார்.

ஒரு ஊர் நொடித்துப் போவதைப் பற்றிப் பேசும்போது நாம் ஏதோ மழை பொய்த்ததைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறோம். ஊர்கள் தாமாக நொடிப்பதில்லை. ஒரு ஸ்தாபனம் எழுந்து வேறிடம் போகிறது. செயிண்ட் ஜோசப் கல்லூரி 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது. 1883ல் திருச்சிக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் பாதை 1862ல் வந்து சேர்ந்தது. ஊரை வளர்க்கப் போட்ட பாதை வழியாகத்தான் பிறகு கல்லூரியும் பட்டறையும் வெளியேறின. நாகப்பட்டினம் இழந்ததையெல்லாம் திருச்சி வாங்கி வைத்துக்கொண்டது. ஆனால் திருச்சியின் முறையும் வந்தது. 1951ல் தென்னக ரயில்வே உருவானபோது தலைமையிடம் சென்னைக்குப் போயிற்று. கம்பெனியின் தலைநகராக இருந்த ஊருக்குக் கோட்ட அலுவலகம் மிஞ்சியது. இப்படி ஸ்தாபனங்கள் இடம் மாறும்போது மனிதர்கள் ‘போனார்கள்’, ‘இருந்தார்கள்’ என்று அவர்களை எழுவாயாக வைத்து எழுதுவதே ஒரு சௌகரியமான இலக்கணப் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் ஒரு புத்தகம் எழுதினார். சீர்கெட்டு வரும் ஒரு ஸ்தாபனத்தில் இருப்பவனுக்கு இரண்டு வழிகள்: வெளியேறலாம், அல்லது உள்ளேயிருந்து குரல் எழுப்பலாம். விசுவாசம் உள்ளவன் சீக்கிரம் வெளியேற மாட்டான். நம் பக்கத்துக்கு இதில் பாதி பொருந்துகிறது. 1928ல் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை ஆட்குறைப்பு செய்யக் கம்பெனி முடிவெடுத்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். 1946 செப்டம்பர் 5ந் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். போக வேறு இடமில்லாதவனின் குரல் எவ்வளவு விலையுள்ளது என்று பொன்மலைக்குத் தெரியும். பொருந்தாத பாதி, விசுவாசம். ஹிர்ஷ்மன் விசுவாசம் என்பதைத்தான் எங்கள் வீட்டில் பாசம் என்றார்கள். அந்தப் பாசத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

நாகப்பட்டினத்து வீட்டை விற்கும்போது பாத்தியதைக் கையெழுத்துக்காக என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு தகரப் பெட்டியில் ஒரு அடமானப் பத்திரம் கிடந்தது. தாத்தாவின் தங்கை கல்யாணத்துக்காக வீட்டின் பேரில் வாங்கிய கடன். அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்திரத்தின் பின்புறம் முழுக்கப் பொடி எழுத்தில் வரவுக் குறிப்புகள். வட்டி இவ்வளவு, அசலில் இவ்வளவு, தேதி. கடைசி வரவு 1941. அத்தனையும் சின்னத் தாத்தா கையெழுத்து.

திரும்பி வந்து பெரிய அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. “பாசமாவது ஒண்ணாவது. ரெண்டு பேரும் கிளம்பினா கடன் குடுத்தவன் விடுவானா? ஒருத்தன் கண்ணு முன்னாடி இருந்தாகணும். உங்க தாத்தாவுக்குச் சம்பளம் கூட, அவர் வந்தார். அவங்க அம்மாவையும் பாத்துக்க ஆள் வேணும். ஒருத்தன் போகணும்னா ஒருத்தன் இருக்கணும்டா” என்றாள்.

ஆக, ஒரே கடன் ஒருவரை வெளியே தள்ளியது, இன்னொருவரைப் பிடித்து வைத்தது. போனதும் இருந்ததும் இரண்டு தனித்தனி மனோபாவங்கள் அல்ல. ஒரே கணக்கின் இரண்டு பத்திகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் படித்த இந்தப் பக்கத்துச் சரித்திரமெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முசிறி, துறையூர் பக்கங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை எடுத்துக்கொள்வோம். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கூலி ஜனங்கள். பஞ்சம் விரட்டியது என்று எழுதுகிறோம். அது பொய்யல்ல. ஆனால் பஞ்சம் எல்லோரையும் விரட்டிற்று. கங்காணியிடம் முன்பணம் வாங்கியவனே கப்பலேறினான். அங்கே தோட்டம் மாறும்போது அவனோடு அவன் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ம் மாறியது. புதுத் தோட்டத்துக்காரன் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்வான். 1921ல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நடப்பவன் கால் அவனுடையது. போகும் திசை சீட்டில் எழுதியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர் காவிரித் தென்கரையில், உறையூரிலிருந்து கிழக்கே துவாக்குடி வரை ஒரு நடை போய்விட்டு வரலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887ல், தன் முதல் கதையிலேயே, சாம்பலை வைத்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அடையாளம் கண்டுபிடிக்கிறார். லண்டன் வரை சாம்பல் விழுந்த அந்தத் தொழிலில் உறையூரில் இன்று மிஞ்சியது மிகக் கொஞ்சம். குழித்தறியும் அப்படித்தான். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிய வீடுகள் சீனாவின் மிஷின் கல் வந்ததும் ஒவ்வொன்றாகச் சக்கரத்தை நிறுத்தின. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை வந்தபோது தறிக்காரர் பிள்ளைகளும் கல் பட்டறைப் பிள்ளைகளும் வெல்டிங் கற்றுக்கொண்டார்கள். அதை நம்பித் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. 2010களில் அனல் மின்நிலைய ஆர்டர்கள் சுருங்கியதும் அவற்றில் பல ஷட்டரை இறக்கின. வெல்டர் வளைகுடாவுக்குப் போனான். 2024 ஜனவரியில் திருச்சி விமான நிலையத்துக்குப் புது முனையம் திறந்தார்கள். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக வந்துபோகும் நிலையம் அது. வேலையை நம் ஊரில் வைக்க முடியாதவர்கள் வாசலை அகலப்படுத்தியிருக்கிறோம்.

வெல்டரின் மனைவி ஏன் போகவில்லை? கேட்டால் மாமியார், பிள்ளைகள் படிப்பு என்பாள். உண்மைதான். இன்னொன்றும் உண்டு. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அவள் பெயரில் எடுத்த குழுக் கடன். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். எனவே தவணை நாளன்று அவள் அந்த வீட்டுத் திண்ணையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாக வேண்டும். 1928ல் நாகப்பட்டினத்துக் கடன்காரருக்கு வேண்டியிருந்த அதே முகம்தான் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது, அடிப்படை மாறவில்லை. பிராமணர்கள் ஊரை விட்டதற்கு 1920களின் சமூகவாரி அரசாணைகளைக் காரணம் சொல்வது வழக்கம். அதற்கு முந்திய தலைமுறையிலேயே ஆங்கிலப் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் அழைத்துப் போகத் தொடங்கிவிட்டன. படிப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். கோயில் முறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அண்ணன் டெல்லிக்கும் பம்பாய்க்கும் போக, முறை விட்டுப்போகாமல் தம்பி நின்றான். அண்ணன் பென்ஷனோடு வந்து உத்தர வீதியில் நின்று, எல்லாம் மாறிவிட்டதே என்று பெருமூச்சு விடுவார். ஸ்ரீரங்கத்தைப் பற்றி நாம் விரும்பிப் படித்ததெல்லாம் இந்த அண்ணன்மார்கள் எழுதியதுதான். சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ பெங்களூரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதியது. குற்றமாகச் சொல்லவில்லை, தூரம் இல்லாமல் அந்தக் கதைகள் இல்லை. ஆனால் ஊர்ப் பாசம் என்பது பெரும்பாலும் போனவர்களின் இலக்கிய வகை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இருப்பவனுக்கு ஊர் என்பது தண்ணீர் வரி.

கடனை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. இருப்பவனிடம் கடனையும் கடமையையும் தவிர இன்னொன்றும் சேர்கிறது. அதற்கு ஸ்ரீரங்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

1323ல் உலுக் கானின் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். அவர் வழியிலேயே, மதுரைப் பக்கத்தில் இறந்துபோனார். மூர்த்தி பல ஊர் சுற்றித் திருமலையில் தங்கி, 1371ல் செஞ்சியிலிருந்த கோபணன் மூலமாகத் திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு வருஷம். கோபணன் பெயர் கோயிலில் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆனால் வந்தது அதே மூர்த்திதானா என்ற கேள்வி எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தியை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பழைய திருமேனியைப் பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. பார்வை போன ஒரு கிழ வண்ணான்தான் இருந்தான் என்று கோயிலொழுகு சொல்கிறது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். பழைய நாளில் அந்த ஆடையை வெளுத்தவன். அதன் வாசனை அவனுக்குத் தெரியும். இவர்தான் நம் பெருமாள் என்றான். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் வழங்குகிறது.

இது ஐதிகம். ஆனால் ஐதிகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அந்த மனிதனை ஒழுகு ஈரங்கொல்லி என்கிறது. அது தொழிலைக் குறிக்கும் சொல், பெயர் அல்ல. தூக்கிக்கொண்டு போனவருக்கும் கொண்டுவந்தவருக்கும் பெயர் இருக்கிறது. அந்த நாற்பத்தெட்டு வருஷம் ஊரில் எப்படியோ உயிரோடு இருந்து தொலைத்தவனுக்குப் பெயர் இல்லை. இருந்தும் வந்தது எது என்று சொல்ல அவன் வேண்டியிருந்தது.

அவன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் திருச்சி பார்த்தது. 1964 அக்டோபரில் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அவர்களில் பலர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கொட்டப்பட்டு முகாமில் வந்து இறங்கினார்கள். காகிதத்தில் ‘பூர்வீக ஊர்’ என்ற இடத்தில் முசிறி என்றும் துறையூர் என்றும் எழுதியிருந்தது. கொள்ளுத் தாத்தா விட்டுப் போன ஊர். அங்கே போய் நின்றவர்களை இன்னார் வம்சம் என்று சொல்ல யாரும் இல்லை. சிலோன்காரன் என்றார்கள்.

இதையெல்லாம் எழுதுகிற நான் போனவர் பேரன். என் படிப்பு, என் பென்ஷன், இப்படி உட்கார்ந்து யோசிக்கிற சாவகாசம் எல்லாம் அந்தப் பொடி எழுத்து வரவுகளின் மேல் நிற்கின்றன. ஏதோ பிராயச்சித்தம் செய்கிற மாதிரி, அந்தப் பத்திரத்தைப் பிரதி எடுத்து, பெரிய அத்தை சொன்னதையும் எழுதி, நாகப்பட்டினத்தில் இருக்கும் சின்னத் தாத்தாவின் பேரனுக்கு அனுப்பினேன். பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவன் தோரணை கடிதத்தில் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

பதில் கார்டில் வந்தது. ‘அண்ணனுக்கு நமஸ்காரம். காகிதம் கிடைத்தது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் யாரும் கேட்டதில்லை.’