முதுமையில் ஏடெடுத்தோர்

திருமறையை மக்கள் கையில் கொடுத்ததே சீர்திருத்தத் திருச்சபையின் சிறப்பு என நாம் கற்பிக்கிறோம். அச்சிறப்பைத் திருச்சபையே மறந்திருந்த காலமும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாறு இதற்குச் சான்று.

அடிமைகள் எழுத்தறிவதை அங்குள்ள ஆட்சியாளர் அஞ்சினர். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எழுத்துக் கற்கக் கூடுவதை வர்ஜினியா 1831இல் சட்டவிரோதமாக்கிற்று. அடிமைக்கு வாசிக்கக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1834இல் குற்றமாக்கிற்று. திருச்சபையினர் பலர் இதற்கு இணங்கினர். ஜார்ஜியாவின் பிரஸ்பிட்டேரியன் போதகர் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் அடிமைகளின் ஆன்மநலத்தை நாடி உழைத்தவர். தாமும் அடிமைகளை உடையவர். அவர் இயற்றிய ஞானோபதேச வினாவிடை அடிமைகளுக்கு வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்டது. நூல் போதிப்பவர் கையில் மட்டுமே இருந்தமையால், எப்பகுதி கேட்கப்படவேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். வேலைக்காரர் எஜமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் பவுலின் அறிவுரை அடிக்கடி ஒலித்தது.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையடைந்தோர் நலப் பணியகத்தின் பள்ளிகளை மேற்பார்த்த அருள்திரு ஜான் ஆல்வர்டு, வட கரோலினாவில் இருந்த ஒரு பள்ளியைப் பற்றி 1866ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதுகிறார். 6 வயதுக் குழந்தை, அதன் தாய், பாட்டி, 75 வயதைக் கடந்த கொள்ளுப்பாட்டி ஆகிய நால்வரும் அருகருகே அமர்ந்து, ஒருங்கே அரிச்சுவடி தொடங்கினராம். நால்வரும் திருமறையைத் தடையின்றி வாசிக்கும் நிலையையும் எய்தினர். பகலில் வயலில் உழைத்த பெற்றோர் பலருக்கு, பள்ளி சென்று திரும்பிய பிள்ளைகளே இரவில் ஆசிரியராயினர். இறக்குமுன் திருமறையைத் தாமே வாசித்துவிட வேண்டும் என்பதே முதியோரின் பேரவா என்று புக்கர் டி. வாஷிங்டன் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். 1870இல் 14 வயதுக்கு மேற்பட்ட வெள்ளையரல்லாதாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் எழுத்தறியாதவர். 1910இல் அது ஏறத்தாழ 30 ஆகக் குறைந்தது.

எல்லாரும் கற்றுவிடவில்லை. இறையியலறிஞர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர், இறுதிவரை எழுத்தறியாதவர். பேரனே அவருக்குத் திருமறையை வாசித்துக் காட்டினார். சங்கீதங்களையும் ஏசாயாவையும் நற்செய்தி நூல்களையும் விரும்பிக் கேட்ட அம்மூதாட்டி, அன்பைப் பற்றிய அதிகாரம் நீங்கலாகப் பவுலின் நிருபங்களை வாசிக்கவிடவில்லை. எஜமானின் போதகர் எப்போதும் அவற்றிலிருந்தே பிரசங்கித்தார் என்பதே அவர் பின்னாளில் கூறிய காரணம். எந்த ஆலோசனைச் சங்கமும் அவர் செய்தது சரியா என விசாரிக்கலாம். ஆனால் அவரை அந்நிலைக்குத் தள்ளிய பிரசங்கத்தையே முதலில் விசாரிக்கவேண்டும்.

இங்கு நாம் கருதவேண்டுவது யாது? முதியவர் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது, பகுதியைத் தெரிந்துகொள்ளும் உரிமை போதகரிடமிருந்து அவர் கைக்கு மாறுகிறது. வீட்டுப் பிள்ளை அவருக்காக வாசிக்கும்போதும் அவ்வாறே. போதகர் இதற்கு அஞ்சலாகாது. கேட்டதைத் தாமே ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் புகழ்கிறதன்றோ?

திடப்படுத்தல் வகுப்பில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரோடு வாரந்தோறும் திருமறை வாசிக்குமாறு நாம் பணிக்கலாம். பகுதியை முதியவரே தெரிந்துகொள்ளட்டும். எவற்றைக் கேட்டார், எவற்றை மறுத்தார் என்பதை நாம் பிரசங்கம் எழுதுமுன் அறிந்துகொள்வது நன்று.