பூவாற்றில் திரும்பிவிடும் படகு

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றுக்கு வரும் பயணியர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காட்சியைக் கண்டு திரும்புகின்றனர். படகு கண்டல் வேர்களுக்கிடையே நுழைந்து செல்கிறது. மீன்கொத்தியும் நீர்க்காகமும் கண்ணில் படுகின்றன. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் பொன்னிற மணல்திட்டில் படகு சிறிது நேரம் நிற்கிறது. பின்னர் புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடுகிறது. இதுவே சூழல் சுற்றுலா என்னும் பெயரில் விற்கப்படுகிறது. ஆயினும் அந்நீர்வழி அவ்விடத்தில் முடிவதன்று. பூவாற்றிலிருந்து தென்கிழக்கே பொழியூரைக் கடந்து, மாநில எல்லையைத் தாண்டி, குமரி மாவட்டக் கடலோர ஊர்களின் முதுகுப்புறமாக இரயுமன்துறை வரை ஒரு பழைய கால்வாய் கிடக்கிறது. படகு திரும்பிவிடும் அந்த இடத்திலிருந்துதான் இப்பகுதியின் வரலாறு தொடங்குகிறது.

அக்கால்வாயின் முழுப்பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். மக்கள் வழக்கில் அது ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே இணைக்கும் நோக்குடன் 1860ஆம் ஆண்டில், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில், இப்பணி தொடங்கப்பெற்றது. அப்போது திவானாக இருந்தவர் டி. மாதவராவ். பத்மநாபசுவாமியைக் குறிக்கும் 'அனந்த', இங்கிலாந்து அரசியைக் குறிக்கும் 'விக்டோரியா', மன்னரைக் குறிக்கும் 'மார்த்தாண்டன்' ஆகிய மூன்றும் ஒரே பெயரில் அடுக்கப்பட்டன. தெய்வம், பேரரசு, சமஸ்தானம் என்னும் அன்றைய அதிகார வரிசை முழுவதையும் அப்பெயர் ஒன்றே உரைத்துவிடுகிறது.

இத்திட்டம் வெறும் அலங்காரமாக எண்ணப்பட்டதன்று. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கௌரி பார்வதி பாயின் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு ஏற்கெனவே காயல்களை நோக்கிய வழியைத் திறந்திருந்தது. பின்னர் வர்க்கலைக் குன்றைக் குடைந்து சுரங்க நீர்வழியும் அமைக்கப்பட்டது. தெற்கே திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு இருந்தது. வடக்கின் காயல்களையும் தெற்கின் வயல்களையும் ஒரே நீர்க்கோட்டில் கோத்துவிட வேண்டும் என்பதே கனவு. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னர் மறைந்தார். கால்வாய் துண்டு துண்டாக வெட்டப்பட்டதேயன்றிக் கன்னியாகுமரியை அடையவில்லை. பூவாறு முதல் இரயுமன்துறை வரையிலான பகுதி அக்கனவின் எச்சமாக நிலைத்தது.

இக்கரையின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே அங்கு வாழ்ந்தோரின் தொழில் விளங்கும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. துறை என்பது படகு இறங்கும் இடம். விளை என்பது தென்னையும் பிற மரங்களும் நிற்கும் மேட்டுநிலம். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் நிற்கும் பொழியூரின் பெயரில், ஆறு மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் வாயைக் குறிக்கும் 'பொழி' என்னும் சொல் உறைகிறது. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்தில் வரும் 'கண்டல்' என்னும் சொல் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் நூல்வழக்காகச் சுருங்கிவிட, இங்குள்ள மலையாளப் பேச்சில் 'கண்டல்காடு' என இன்றும் உயிரோடு வழங்குகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் ஒரே வீட்டில் இரு மொழியும் புழங்குவது புதுமையன்று. மொழியால் இங்கே கோடு கிழிக்க முயன்ற எவர்க்கும் கோடு வளைந்தே வந்திருக்கிறது.

பயணம் என்பதே இந்நிலத்தில் நெடுங்காலம் சிலருக்கு மட்டும் உரிய உரிமையாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது. கால்வாய்ப் பணி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1859இல்தான், நெடிய போராட்டத்தின் பின், சாணார் பெண்கள் மேலாடை அணிவதற்கு இசைவளிக்கும் அரசறிக்கை திருவிதாங்கூரில் வெளியாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுச்சாலையில் நடப்பதோ அதற்கு வெகுகாலம் பின்னும் எளிதாகவில்லை. கோவளத்துக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஒன்றில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு புரட்சியாயிற்று. இன்று அச்சாலைகளில் எவரும் காரில் விரைந்து கடற்கரை விடுதிகளை அடையலாம். எனினும் வழி ஒன்று யாருக்காக வெட்டப்படுகிறது, அதன் ஓரத்தில் வாழ்வோர்க்கு அதில் என்ன பங்கு என்னும் வினா, வில்வண்டியின் காலத்திலிருந்து இங்கே தொடர்ந்து ஒலித்துவருகிறது.

1956 நவம்பர் 1 அவ்வினாவுக்குப் புதிய சிக்கலைச் சேர்த்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கால்வாயின் ஒரு முனை ஒரு மாநிலத்திலும் மறுமுனை வேறொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன. சாலைப் போக்குவரத்து முன்னரே படகுகளின் தேவையைக் குறைத்திருந்தது. 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறக்கப்பட்டபின் நீர்வழியை நினைப்போர் மேலும் அருகினர். பயன்பாடு ஒழிந்த நீர்நிலைக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்தது. பல இடங்களில் தூர்ந்தது. சில இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டது. குப்பையும் கழிவும் அதில் சேர்ந்தன. ஒரே கால்வாய் பூவாற்றில் பணம் ஈட்டும் காட்சியாகவும், எல்லைக்கு அப்பால் கொசு பெருகும் சாக்கடையாகவும் ஆயிற்று.

2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாட்டில் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 13ஆவது எண், பூவாறு முதல் இரயுமன்துறை வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய்க்கு உரியது. 1860இல் மூன்று பெயர்களைச் சூடிய கால்வாய் 2016இல் ஓர் எண்ணைப் பெற்றது. பெயரும் எண்ணும் மட்டும் தூர் வாரிவிடமாட்டா.

இங்கேதான் பொறுப்புச் சுற்றுலா என்னும் கருத்தின் உண்மையான பயன் தெளிவாகிறது. 2002இல் கேப்டவுனில் வெளியான அறிக்கை ஒரு முன்பின் வரிசையை வலியுறுத்தியது: ஓர் ஊர் முதலில் வாழ்வோர்க்கு நல்லதாக இருக்க வேண்டும், அதன்பின்பே வருவோர்க்கு. கேரளம் இக்கருத்தை ஏற்று 2008இல் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் ஆகிய நான்கு இடங்களில் செயற்படுத்தத் தொடங்கியது. குமரகத்தில் விடுதிகள் தமக்கு வேண்டிய காய்கறிகளை ஊர்ப்பெண்களின் குழுக்களிடமே வாங்கும் ஏற்பாடு உருவாயிற்று. பயணியின் பணம் ஊரைத் தொடாமல் விடுதியின் மதிலுக்குள்ளேயே சுழன்று வெளியேறுவதை அது ஓரளவேனும் தடுத்தது. 2017இல் இதற்கெனத் தனி இயக்கமும் அமைந்தது. கோவளம் பூவாற்றுக்கு அண்மையில் உள்ளது. அங்கே தொடங்கிய எண்ணம் கரையோரமாகச் சிறிது தெற்கே நகர்ந்தால் எல்லையை எட்டிவிடும்.

ஆயின் எல்லை ஊர்களுக்குக் குமரகத்தின் படியை அப்படியே பொருத்திவிட இயலாது. இங்கே கண்டல் வேர்கள் மீன்குஞ்சுகளின் தொட்டில். விசைப்படகு எழுப்பும் அலை கரைமண்ணைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எண்ணெய்க் கசிவு வேர்களில் படிகிறது. பொழி அடைபட்டால் ஆற்றுநீர் தாழ்ந்த நிலங்களில் ஏறும். திறந்தால் கடலின் உப்பு உள்ளே வரும். அதை எப்போது வெட்டித் திறப்பது என்பது உழவர், மீனவர் இருவரின் வாழ்வையும் தொடும் முடிவு. படகோட்டத்தின் வசதி ஒன்றை மட்டும் கருதி அம்முடிவை எடுத்தல் தகாது. பொழியூரிலும் கொல்லங்கோட்டுக் கரையிலும் கடலரிப்பால் வீடிழந்தோர் உள்ளனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது எல்லையின் இருபுறத்து மீனவரும் ஒரே கடலில் மாண்டனர். மணல்திட்டில் படம் எடுக்கும் பயணியின் பின்புறத்தில் நிற்பது இக்கரை.

பொறுப்புள்ள பயணி இங்கே செய்யத்தக்கவை எளியவை. விசைப்படகுக்கு மாற்றாகத் துடுப்புப் படகு கிடைக்குமாயின் அதையே கேட்டுப் பெறலாம். ஊராரே ஓட்டும் படகில் ஏறி, ஊராரே நடத்தும் கடையில் உண்ணலாம். கொண்டுவந்த நெகிழியைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். இருப்பினும் அத்துடன் கடமை முடிந்துவிடாது. இக்கால்வாய் முழுவதும் தூர் வாரப்பட்டு, கண்டல் நடப்பட்டு, இரு மாநிலத்தாரும் கூடிக் காக்கும் ஒரே நீர்வழியாக வேண்டும் என்னும் கோரிக்கையில் பயணியின் குரலும் சேர வேண்டும். அப்போதும் எந்த ஊரில் எத்தனை படகு, எந்தக் கரையில் எந்தத் துறை என்பதை முடிவுசெய்யும் அவையில் துறைக்காரர்கள் அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் 1860இன் கனவே மீண்டும் ஒருமுறை மேலிருந்து வரையப்பட்டு, பாதியில் நின்றுவிடும்.

பூவாற்றில் திரும்பிவிடும் படகு என்றேனும் ஒருநாள் இரயுமன்துறை வரை செல்லக்கூடும். அன்று வழியிலுள்ள எட்டு ஊர்களின் பெயரையும் படகோட்டி தன் ஊரின் பெயரைப் போலவே சொல்லிக்கொண்டு வருவாராயின், இந்நீர்வழி தன் மக்களிடம் திரும்பிவிட்டது எனக் கொள்ளலாம்.